ஓவியத்தைப் பெரிதாகவும் தெளிவாகவும் படம் பிடிப்பது: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலைநாட்டில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருந்துகொண்டு தேயிலைச் சாயத்தில் ஓவியம் வரைகிறேன். சாயத்தண்ணியைக் காய்ச்சிக் காய்ச்சி வற்றவைத்தால் கடும் பழுப்பு நிறத்தில் ஒரு சாயம் கிடைக்கும். அதைத் தூரிகையில் தொட்டு, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்த பூச்சு என்று அடுக்கிக்கொண்டே போவது என் வேலை. அந்த ஓவியங்களைப் பல வருடம் தீப்பெட்டி அளவுப் படங்களாகத்தான் மற்றவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். இப்போது பெரிதாகக் காட்டத் தொடங்கியதும் வரைகிற நண்பர்கள் எல்லோரும் ஒரே மாதிரிக் கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சின்னப் படம் போதாதா? பெரிதாக எதற்கு?

ஒரு சின்னக் கணக்கு. ஏ3 தாளின் நீளம் 42 சென்ரிமீற்றர், அதாவது 420 மில்லிமீற்றர். திரையில் தெரியும் படம் சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆனது, ஒரு புள்ளிதான் ஒரு பிக்சல். அந்த ஓவியத்தை 800 பிக்சல் நீளத்தில் காட்டினால் ஒரு மில்லிமீற்றருக்கு இரண்டு பிக்சல்கூட வராது. அரை மில்லிமீற்றர் தடிப்பில் இழுத்த கோடு ஒன்று, ஒரே ஒரு பிக்சலுக்குள் அடங்கிப் பக்கத்து நிறத்தோடு கரைந்துவிடும்.

என் ஓவியம் ஒன்றில் மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருத்தியின் தலையிலிருந்து கூடைக்கு இறங்கும் கயிற்றை மெல்லிய தூரிகையால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வரைந்தேன். நான் அனுப்பிய படத்தில் அந்தக் கயிறே இல்லை. கூடை அந்தரத்தில் தொங்கியது. "கூடை எதில தொங்குது?" என்று ஒருவர் கேட்டபிறகுதான் எனக்கே உறைத்தது. அதே ஓவியம் 2400 பிக்சலில் இருந்திருந்தால் கயிற்றுக்குக் கிட்டத்தட்ட மூன்று பிக்சல் கிடைத்திருக்கும்.

என்ன கெமரா வாங்கலாம்?

வாங்க வேண்டாம். கையில் இருக்கும் போன் போதும். 12 மெகாபிக்சல் என்றால் 4000க்கு 3000 பிக்சல். ஏ3 ஓவியத்துக்கு அது தாராளம். 50, 108 என்று பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள். அந்த முழு அளவு நல்ல வெளிச்சத்தில் மட்டும்தான் உதவும். வெளிச்சம் குறைந்தால் படம் முழுக்க ரவை தூவியது போல வந்துவிடும்.

காசு செலவழிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு முக்காலி வாங்குங்கள். அதற்கு முன்னால் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்காதீர்கள். "படம் புகைமூட்டமாக வருகிறது" என்று கொண்டுவந்த போன்களில் பாதி, பழைய பருத்தித் துணியால் ஒரு துடை துடைத்ததும் சரியாகிவிட்டன.

வெளிச்சத்துக்கு என்ன செய்வது? லயத்துக் காம்பராவுக்குள் (தோட்டத்து வரிசை வீட்டு அறைக்குள்) இருட்டாக இருக்கிறதே?

உள்ளே எடுக்காதீர்கள். ஓவியத்தை வெளியே கொண்டுவாருங்கள். மலைநாட்டில் இருப்பவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. பெரிய ஸ்டூடியோக்களில் விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி கட்டி வெளிச்சத்தை மென்மையாக்குவார்கள். நமக்கு அந்தத் துணியை வானமே கட்டிவைத்திருக்கிறது. பனிமூட்டமான நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் சமமாக வரும். நிழல் விழாது, பளபளப்பு குறையும், தாளின் ஒரு மூலை பளிச்சென்றும் மறு மூலை மங்கியும் போகாது. துணி காய வைக்க முடியாத நாள்தான் ஓவியத்தைப் படம் எடுக்கத் தோதான நாள்.

வெயில் அடித்தால் இஸ்தோப்பு (வீட்டு முன்தாழ்வாரம்) நிழலுக்குப் போங்கள். ஆனால் நேர் வெயில் தரையில் விழுந்து தெறிக்கும் விளிம்பில் வைக்காதீர்கள், இரண்டடி உள்ளே தள்ளி வையுங்கள். நீல வானம் மட்டும் தெரியும் நிழலில் படம் கொஞ்சம் நீலம் பாய்ந்து வரும். அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

மழைக்காலக் கணக்கும் பார்க்க வேண்டும். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. மழை விட்ட இடைவெளியில் ஓடிவந்து எடுப்பதுதான் வழி. பண்டாரவளை, பதுளை பக்கம் அதே காலத்தில் காய்ந்து கிடக்கும். அங்கே ஒக்டோபர் முதல் ஜனவரி வரைதான் மழைத் தொல்லை.

ஒரு எச்சரிக்கை. ஈரக் காற்றில் தாளை அதிக நேரம் வைக்காதீர்கள். தாள் ஈரத்தை உறிஞ்சி நெளியும். நெளிந்த தாளில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும், படத்தில் அது அழுக்குப் போலத் தெரியும். முதல் நாள் இரவே தடித்த புத்தகங்களுக்கு அடியில் வைத்துத் தட்டையாக்கிவிட்டு, வெளியே கொண்டுவந்து ஐந்து நிமிடத்தில் வேலையை முடித்துவிடுவது என் பழக்கம்.

இரவில்தான் நேரம் கிடைக்கிறது. பல்ப் வெளிச்சத்தில் எடுக்கலாமா?

எடுக்கலாம், கொஞ்சம் சிரமம். ஒரே மாதிரியான இரண்டு எல்ஈடி பல்புகளை ஓவியத்துக்கு இரண்டு பக்கமும், 45 பாகை சாய்வில், ஒரே தூரத்தில் வையுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் மஞ்சள் பல்பும் மறு பக்கம் வெள்ளை பல்பும் வைத்தால் பிறகு எந்தக் கொம்பனாலும் நிறத்தைச் சரிசெய்ய முடியாது.

படத்தில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடினால் போன் பழுது என்று நினைக்காதீர்கள். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் மலிவான பல்ப் செக்கனுக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் வேகத்தை, அதாவது ஒரு படத்துக்குக் கெமரா வெளிச்சம் வாங்கும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 செக்கன் என்று வைத்தால் பட்டை போய்விடும். அவ்வளவு மெதுவான வேகத்தில் கையில் பிடித்து எடுத்தால் ஆட்டம் தெரியும். போனைப் புத்தக அடுக்கில் சாய்த்துவைத்து, மூன்று செக்கன் டைமர் போட்டுவிட்டுத் தள்ளி நில்லுங்கள்.

ஃபிளாஷ்?

வேண்டவே வேண்டாம். நடுவில் வெள்ளைப் பொட்டு விழும், ஓரமெல்லாம் இருண்டுபோகும்.

நிறம் மாறிப்போகிறது. என் பழுப்பு ஏன் சாம்பலாக வருகிறது?

என்னை அதிக நாள் படுத்திய பிரச்சினை இதுதான். தேயிலைச் சாயத்தில் வரைந்த தாளைப் போன் பார்த்ததும், 'அடடா, மஞ்சள் பல்புக்குக் கீழே எடுக்கிறார்கள் போல' என்று தானாக முடிவுகட்டி, அந்தப் பழுப்பைக் கழித்துவிடும். தானியங்கி வெள்ளைச் சமநிலை செய்கிற வேலை இது. கடும் சாயத்தில் நான்கு பூச்சுப் பூசி வரைந்த மலை, படத்தில் சிமெந்து மலையாக நிற்கும்.

தீர்வு எளிது. ஓவியத்தை எடுப்பதற்கு முன்னால், அது இருக்கும் அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு வெள்ளை பிரிஸ்டல் போர்ட் துண்டை வையுங்கள். போனில் 'ப்ரோ' முறை இருந்தால் அந்தத் துண்டு வெள்ளையாகத் தெரியும்வரை வெள்ளைச் சமநிலையைக் கையால் நகர்த்தி, அதை மாற்றாமல் ஓவியத்தை எடுங்கள். அந்த முறை இல்லாவிட்டால் துண்டை ஓவியத்தின் ஓரத்தில் வைத்தே எடுங்கள். ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலியில் வெள்ளைச் சமநிலைக்குப் போய் அந்தத் துண்டைத் தொட்டால் நிறம் திரும்பிவிடும். துண்டைப் பிறகு வெட்டிவிடலாம்.

துண்டு உண்மையிலேயே வெள்ளையாக இருக்க வேண்டும். பழைய அப்பியாசக் கொப்பித் தாளை வைத்து ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். அது மஞ்சளித்துப்போன தாள் என்று சாயங்காலம்தான் தெரிந்தது.

இன்னொன்று, சுற்றியிருக்கும் நிறங்கள். நம் லயத்துச் சுவர்கள் பச்சையும் நீலமுமாக இருக்கும். கூரையில் வெளிச்சத்துக்குப் போட்ட பிளாஸ்டிக் தகடு பச்சையாக இருந்தால் கீழே எல்லாமே பச்சை. தேயிலைச் செடிகளுக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தாலும் தாளில் பச்சை ஏறும், நான் பார்த்திருக்கிறேன். சுவரில் ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிடுங்கள், முடிந்தது.

வெள்ளைத் தாள் ஏன் மங்கலாக வருகிறது?

எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் பிரகாசத்துக்குக் கொண்டுவருவது கெமராவின் புத்தி. தாளில் வெள்ளை அதிகம் இருந்தால் 'வெளிச்சம் கூடிவிட்டது' என்று குறைத்துவிடும். திரையில் ஓவியத்தை அழுத்திப் பிடித்தால் குவியம் (போக்கஸ்) பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் மேலே இழுங்கள். வெள்ளை வெள்ளையாக வரவேண்டும், ஆனால் தாளின் சொரசொரப்பு மறையக்கூடாது. அங்கே நிறுத்துங்கள்.

ஓவியம் ஒரு பக்கம் பெரிதும் ஒரு பக்கம் சிறிதுமாகக் கோணலாக வருகிறது.

போனும் ஓவியமும் நேருக்கு நேர் இல்லை. செயலியில் இழுத்து நேராக்கலாம், ஆனால் இழுத்த பக்கம் தெளிவு குறையும். எடுக்கும்போதே நேராக எடுப்பதற்கு முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடி ஒன்று போதும். கண்ணாடியை ஓவியத்தின் நடுவில், அதே மட்டத்தில் ஒட்டினாற்போல் பிடிக்கச் சொல்லுங்கள். போன் திரையைப் பாருங்கள். கண்ணாடிக்குள் உங்கள் போனின் லென்ஸ் தெரிய வேண்டும், அதுவும் திரையின் நட்டநடுவில். மேலே தெரிந்தால், பக்கவாட்டில் தெரிந்தால் போனை நகர்த்துங்கள். லென்ஸ் தன்னைத் தானே நடுவில் பார்த்துக்கொண்டால் நீங்கள் நேராக இருக்கிறீர்கள். முக்காலியை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடியை எடுத்துவிட்டுச் சொடுக்குங்கள். நீர்மட்டம் பார்க்கிற செயலி எல்லாவற்றையும்விட இது சுத்தம்.

ஓவியம் திரையில் முக்கால் பங்கு நிறைந்தால் போதும். விளிம்புவரை நிரப்பினால் ஓரங்கள் வளையும், மூலைகள் மங்கும். போனில் உண்மையான 2 மடங்கு லென்ஸ் இருந்தால் சற்றுத் தள்ளி நின்று அதில் எடுங்கள். இல்லாவிட்டால் திரையை விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள். அது வெட்டி ஊதிக் காட்டுவதுதான்.

கண்ணாடிச் சட்டம் போட்டாகிவிட்டது. என்ன செய்யலாம்?

கழற்றுங்கள். முடியவே முடியாது என்றால் மட்டும் தொடர்ந்து படியுங்கள்.

முதல் தடவை டவுனில் ஒரு கடையில் சட்டம் போட்டு வாங்கிவந்து, ஆசையாகப் படம் எடுத்து நாலு பேருக்கு அனுப்பினேன். ஓவியத்தின் நடு மலையில் என் தலை. அதற்குப் பின்னால் கொடியில் காய்கிற சாரம். கண்ணாடிக்கு எதிரே வெளிச்சமாக இருப்பதெல்லாம் அதில் தெரியும். எனவே எதிர்ப்பக்கத்தை இருட்டாக்க வேண்டும். ஒரு பெரிய கறுப்புத் துணியில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் நின்று, ஓட்டை வழியாக எடுங்கள். வெளிச்சம் இரண்டு பக்கவாட்டிலிருந்தும் மட்டும் வரட்டும். வெள்ளைச் சட்டை போடாதீர்கள்.

இனி வரைவதையாவது சட்டத்துக்குப் போகும் முன் எடுத்துவிடுங்கள்.

எண்ணெய் வண்ணத்தில் பளபளப்பு வருகிறதே?

வார்னிஷ் பூசும் முன் எடுத்துவிட்டால் பாதி வேலை மிச்சம். பூசியாகிவிட்டதென்றால் வெளிச்சம் வரும் கோணத்தை மாற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் இருண்டால் எதிரே வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) பலகை ஒன்றை நிறுத்துங்கள், வெளிச்சம் திரும்பி அடிக்கும். தடித்த பூச்சுள்ள ஓவியமென்றால் இரண்டாவது படம் ஒன்றும் எடுங்கள்: வெளிச்சத்தை ஒரே பக்கத்திலிருந்து, கிட்டத்தட்ட ஓவியத்தை உரசுவது போல விடுங்கள். கத்தியால் அப்பிய வண்ணத்தின் மேடு பள்ளம் எல்லாம் எழுந்து நிற்கும்.

துணியில் வரைந்த பெரிய திரை. ஒரே படத்தில் எடுத்தால் நுணுக்கம் போய்விடுகிறது.

பகுதி பகுதியாக எடுத்துக் கணினியில் ஒட்டுங்கள். ஒவ்வொரு படமும் பக்கத்துப் படத்தோடு மூன்றில் ஒரு பங்காவது மேவ வேண்டும். நின்ற இடத்திலிருந்து போனைத் திருப்பாதீர்கள், போனோடு நீங்களே பக்கவாட்டில் நகருங்கள். குவியமும் வெளிச்சமும் பூட்டியே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒட்டின இடம் தையல் போட்டது போலத் தெரியும். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ் அருங்காட்சியகம் ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஓவியத்தை இதே வழியில் 8439 படங்களாக எடுத்து ஒட்டி, 2022 ஜனவரியில் 717 கிகாபிக்சல் (71,700 கோடி பிக்சல்) படமாக வெளியிட்டது. நமக்கு ஆறு படம் போதும்.

என் போனில் தெளிவாக இருக்கிறது. அனுப்பினால் அவர்களிடம் மங்கலாகப் போகிறது. ஏன்?

வாட்ஸ்அப் சுருக்கிவிடுகிறது. சாதாரணமாக அனுப்பினால் நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்குக் குறைந்துவிடும், அதோடு கோப்பையும் இறுக்கிப் பிழியும். 2023 முதல் எச்டி என்ற தெரிவு இருக்கிறது. அது பரவாயில்லை. அசல் அப்படியே போகவேண்டும் என்றால் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக இணைத்து அனுப்புங்கள். ஒரு பிக்சலும் குறையாது. பேஸ்புக்கில் போடுவதென்றால் நீளப் பக்கத்தை 2048 பிக்சலாக நீங்களே குறைத்துப் போடுங்கள். அவர்கள் குறைப்பதைவிட நீங்கள் குறைத்தால் நன்றாக இருக்கும்.

டாக்குமென்ட் ஆக அனுப்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். படம் எடுத்த இடத்தின் அடையாளமும் கோப்புக்குள்ளேயே போகும். வீட்டு வாசலில் எடுத்த படமென்றால் உங்கள் வீடே வரைபடத்தில் தெரிந்துவிடும். கெமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்திவிட்டு எடுங்கள்.

எந்த அளவில் வைத்துக்கொள்வது? 300 டிபிஐ இருக்க வேண்டுமாமே?

அசல் கோப்பை அப்படியே பத்திரப்படுத்துங்கள், இரண்டு இடத்தில். காட்டுவதற்கு மட்டும் நீளப் பக்கம் 2000 முதல் 2500 பிக்சலில், ஜேபெக் தரம் 80 அல்லது 85இல் ஒரு பிரதி செய்யுங்கள். கோப்பு ஒரு எம்பிக்கு அக்கம்பக்கம் வரும். டேட்டா கார்ட் போட்டுப் பார்ப்பவர்களுக்கும் அது பாரமில்லை. டிபிஐ என்பது ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு. அது அச்சுக்குத்தான், திரைக்கு அதில் ஒன்றுமில்லை. நிற வெளி, அதாவது கோப்பு நிறங்களைக் குறித்துவைக்கும் முறை, எஸ்ஆர்ஜிபி என்று இருந்தால் எல்லாத் திரையிலும் ஓரளவு ஒரே மாதிரித் தெரியும்.

பெரிதாகக் காட்டினால் திருடிவிட மாட்டார்களா?

இந்தப் பயத்தில்தான் நானும் தீப்பெட்டிப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். 2400 பிக்சல் படத்தை 300 டிபிஐயில் அச்சடித்தால் நீளம் 8 அங்குலம். ஒரு வாழ்த்து அட்டை அடிக்கலாம், சுவரில் மாட்டும் பெரிய பிரதியை ஒழுங்காக அடிக்க முடியாது. அதற்குத் தேவையான அசல் உங்களிடம்தான் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, வரைந்தவுடனேயே பதிப்புரிமை உங்களுடையது, எங்கும் பதியத் தேவையில்லை. உங்கள் ஆயுட்காலமும் அதற்குப் பின் 70 வருடமும் அது நிற்கும்.

ஓவியத்தின் குறுக்கே பெயரைப் பெரிதாக எழுதிப் போடுவது எனக்குப் பிடிக்காது. கலியாண வீட்டுச் சாப்பாட்டில் இலைக்கு நடுவே சமையல்காரர் பெயரை எழுதியது போல இருக்கும். கீழே மூலையில் சின்னதாக எழுதுங்கள்.

டவுனில் ஸ்கேன் செய்தால் நல்லதா?

ஏ4க்குள் அடங்கும் தட்டையான தாள் என்றால் போனைவிட ஸ்கேன் நல்லது. 300 டிபிஐயில் ஏ4 தாள் 2480க்கு 3508 பிக்சல் வரும். 'பிடிஎஃப் வேண்டாம், ஜேபெக் தாங்க' என்று சொல்லுங்கள். கரிக்கோல், பாஸ்டல் ஓவியங்களை அதில் வைக்காதீர்கள். கண்ணாடியில் பாதி ஒட்டிக்கொள்ளும், கடைக்காரரும் ஏசுவார்.

பிள்ளைகளின் ஓவியங்களை எடுத்துப் போடலாமா?

பெற்றோரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மூலையில் முழுப்பெயர், பாடசாலை, வகுப்பு எல்லாம் எழுதியிருக்கும். அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

ஓவியத்தை விற்றுவிட்டேன். கையில் இருப்பது பழைய சின்னப் படம் மட்டும். அதைப் பெரிதாக்க முடியுமா?

செயற்கை நுண்ணறிவால் பெரிதாக்கும் செயலிகள் இருக்கின்றன. நானும் போட்டுப் பார்த்தேன், மேலே சொன்ன அந்தக் கொழுந்து பறிக்கும் பெண்கள் ஓவியத்தைத்தான். படம் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் இடுப்பில் கட்டிய படங்கு பூப்போட்ட பாவாடையாகியிருந்தது. கூடை முதுகுப் பையாகிவிட்டது. இல்லாததை அது எங்கே போய்த் தேடும்? தானாக ஒன்றை வரைந்துவைக்கிறது.

வாங்கியவரைத் தேடிப் போவதுதான் ஒரே வழி. நான் கண்டிக்குப் போனேன். ஓவியம் அவர் வீட்டு முன்னறையில் கண்ணாடிக்குள் இருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவரே குறடு எடுத்துவந்து பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கித் தந்தார். வாசலில் நிழல் இருந்தது, வெள்ளைத் துண்டு கொண்டுபோயிருந்தேன், முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் மகள் பிடித்தாள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வரும் ரயிலில் படத்தைத் திறந்து, விரலால் விரித்துவிரித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். மூன்றாவது பெண்ணின் தலையிலிருந்து கூடைவரை கயிறு அறுபடாமல் இருந்தது.